ஆவியாவது தண்ணீர் மட்டும்

ரெஜைனாவிலிருந்து எந்தப் பக்கம் ஓட்டினாலும்
கடலுக்கு இரண்டு நாள் குறையாது.
எங்கள் வரவேற்பறையில் நானூறு லிட்டர் இருக்கிறது.

பகலில் நான் டயாலிசிஸ் பிரிவில்
இயந்திரங்களுக்குள் போகும் நீரைச் சோதிப்பவள்.
இரவில் அதே வேலை, சம்பளமில்லாமல்.
குப்பியில் கொஞ்சம் தொட்டிநீர்,
அதில் சொட்டுச் சொட்டாய் மருந்து,
நீலம் ரோஜா நிறமாகும் சொட்டோடு நிறுத்த வேண்டும்.
எட்டு என்றால் நல்லது.
ஏழு என்றாலும் நல்லதுதான்,
நேற்றும் ஏழாயிருந்தால்.
எண் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்,
அசையக்கூடாது.

யோகரூபன் மின்கட்டணத்தைக்
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவான்,
மேலே "உன்ரை சமுத்திரம்" என்று எழுதி.
வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பைத்
தெளியவைத்து இரவில் சொட்டவிட்டால்
பவளம் எலும்பு கட்டும் என்றேன்.
"உதுகளுக்கும் தாம்பூலமோ?"
அந்தச் சிரிப்பு ஒரு வாரம் ஓடியது.

மாரியில்
தொட்டியிலிருந்து எழுவது
ஜன்னல் கண்ணாடியில் பனிப்பூவாய் ஒட்டும்.
ஒருநாள் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பில்லை.
ஆவியாவது தண்ணீர் மட்டும்.
உப்பு இருந்த இடத்திலேயே இருந்து கனக்கும்.
குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும்;
புதியவர்கள் இதில்தான் முதல் பிழை விடுவார்கள்.
நானும் விட்டேன்.
ஆறு நத்தைகள்.

மூன்று வருஷத்துக்கு முன்
மான்கொம்புப் பவளம் கண்ணாடியை முட்டியபோது
ஒரு விரல் நீளம் நறுக்கி
மூஸ் ஜோவிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தேன்.
வேய்ன் கோவல்ச்சுக்.
ரயில் பெட்டிகளுக்கு பிரேக் பார்த்து ஓய்ந்தவர்.
காசு வேண்டாமென்றேன்.
அப்படியென்றால் தேநீரும் வேண்டாமென்றார்.
பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த ஜனவரி,
மைனஸ் முப்பத்தாறு,
மாலை ஐந்து இருபதுக்குக் கரண்ட் போனது.
பம்புகள் நின்ற பிறகுதான் தெரிந்தது
வீட்டில் இத்தனை நாளும்
அலை அடித்துக்கொண்டிருந்ததென்று.

தொட்டியைச் சுற்றிப் போர்வைகள், தூக்கப் பை,
யோகரூபனின் புதுக் கோட்.
காஸ் அடுப்பைத் தீக்குச்சியால் மூட்டி
வெந்நீர்ப் போத்தல்களை மிதக்கவிட்டோம்.
மூச்சு வேண்டுமே அதற்கு;
குவளையால் அள்ளி, உயர்த்தி, ஊற்றி,
திரும்ப அள்ளி,
தேநீர் ஆற்றுவதுபோல்.
கட்டணம் ஒட்டுகிறவன்
என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு
மூன்றரை வரை ஆற்றினான்,
மூக்கு சிவந்து,
ஒரு சொல்லும் பேசாமல்.

விடிந்தபோது
மூளைப் பவளம் சுருங்கிக் கிடந்தது, உயிரோடு.
கோமாளி மீன் இரண்டும் ஒரே மூலையில்.
மான்கொம்பு மட்டும்
அடியிலிருந்து மேலாக
நனைந்த தாள்போல் உரிந்துகொண்டிருந்தது.
உள்ளே அத்தனை வெள்ளை.
ஏழு வருஷச் சுண்ணாம்பு.

நான் யாருக்கும் சொல்லவில்லை.
வேய்ன் செய்தியில் பார்த்திருக்கிறார்.
மூன்றாம் ஞாயிறு மணியடித்து,
சப்பாத்தைக் கழற்றி,
கோட்டின் சிப்பைத் திறந்து
நெஞ்சோடு ஒட்டியிருந்த பையை எடுத்தார்.
ஒரு விரல் நீளம்.
நுனியில் அதே ஊதா.

இதன் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிள்ளையில்லை.
ஒடித்த துண்டும் மரமும் ஒன்றேதான் இதில்.
இங்கே செத்தது
எழுபது கிலோமீட்டர் தள்ளி
ஒரு நிலவறையில் சாகாமல் இருந்திருக்கிறது.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டோம்.
சூடு சமமாக அரை மணி.
பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் எங்கள் தண்ணீர்.
அவசரப்படக் கூடாது.
"இப்ப குடிக்கலாம் அந்தத் தேநீரை" என்றார் வேய்ன்.

அடுக்களையில் யோகரூபன் ஆற்றிக்கொண்டிருந்தான்,
தேநீருக்கு வேண்டியதைவிட
அதிக உயரத்திலிருந்து.