வெர்தோன் ஆற்றுப்படை

ஐயா, ஒரு நிமிடம்.
பாறையோடு ஒட்டி நில்லுங்கள்,
மேலே காட்டாடு நடந்தால் கல் உருளும்.
எதிர்ப்பட்டவரை மறித்து வழி சொல்வது
எங்கள் மொழியில் பழைய தொழில்.
சொன்னவர்கள் பொற்றாமரை சூடித் திரும்பினார்கள்.
நான் தொடை வரை நனைந்த காற்சட்டையோடு.

லா மலீன் விடுதியிலிருந்துதானே இறங்குகிறீர்கள்?
இன்னும் அரை மணியில் ஆறு.
பச்சை. படத்தில் பார்த்த அதே பச்சை.
நிறத்தை நம்பவேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு? ஒரு லீட்டரா?
என்னுடையதையும் பிடியுங்கள்.
ஆறு கூடவே வரும்,
குடிக்க ஊற்று ஒன்றும் வராது.

பிறகு, இடுக்கில் இரும்பு ஏணி.
போன வருடம் எண்ணத் தொடங்கி இருநூறில் விட்டுவிட்டேன்.
முகத்தைப் பாறைக்குக் கொடுங்கள், முதுகைப் பள்ளத்துக்கு.
கடைசியில் குகைவழி. உள்ளே
உங்கள் காலடியே உங்களைத் துரத்தும்.
தலைவிளக்கு இருக்கிறதா? நல்லது.

செய்தி இனித்தான்.

சிவப்பு எழுத்துப் பலகைக்கு நேரே, அக்கரையில்,
கூழாங்கல் திட்டில் ஒரு பெண் இருப்பாள்.
மஞ்சள் மேற்சட்டை. பெயர் ஒடில்.
தூலோன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என்னோடு போர்வை மடிக்கிறவள்.
பதினொரு மணிக்குக் கணுக்கால் அளவு நீர்.
அங்கே நிழல் என்று கடந்துபோனாள்.
நான் விளிம்பில் ஒரு கல் வைத்தேன்,
நீர் ஏறினால் தெரியட்டும் என்று.
வைத்தேனே தவிர, பார்க்கவில்லை.
எடுத்துப்போகத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது கல் இல்லை.

மழையில்லை ஐயா. இப்போதும் பாருங்கள்,
பாறு வட்டமிடுகிற வானம்,
வெளுத்துக் காயப்போட்டதுபோல.
நீஸ் பக்கம் யாரோ ஏசி போட்டிருப்பார்கள்,
அணையில் யாரோ கதவைத் திறந்திருப்பார்கள்.
பலகையில் எல்லாம் எழுதியிருந்தது. வாசித்தோம்.
அதன் முன்னால் நின்று படமும் எடுத்தோம்.

இரண்டடி வைத்தேன்.
தண்ணீர் தொடையில் கைவைத்துத் தள்ளியது,
பகைவனைப்போல அல்ல,
நெரிசலில் தன் நிறுத்தத்தில் இறங்குகிறவனைப்போல.
திரும்பிவிட்டேன்.
அவள் ஏதோ கத்தினாள். இரைச்சலில் கேட்கவில்லை.
என்ன கத்தியிருப்பாள் என்று
இவ்வளவு தூரமும் யோசித்துக்கொண்டு ஏறினேன்.

இங்கே கைபேசிக்கு உயிரில்லை.
விடுதிக்குப் போய்த்தான் நூற்றுப் பன்னிரண்டுக்கு அடிக்கவேண்டும்.
நீங்கள் இக்கரையிலேயே நில்லுங்கள்.
இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கை அவளைப் பார்க்க:
அங்கேயே இரு. திட்டின் மேட்டுக்குப் போ.
அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும்.
என் பயம் அதுதான்.

தருவதற்குப் பரிசில் இல்லை.
தக்காளிப் பெட்டியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்,
இந்தமுறை உயரமான கல்.
உப்புப் போட்டாயிற்று. சாப்பிடுங்கள்.
கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.