முடித்துவைக்கலாம்

ஹெலினாவில் பிப்ரவரி.
சட்டமன்றத்தின் மூன்றாம் மாடி.
ஹீட்டர் கொதிக்கிறது, ஜன்னல் திறக்காது.
நான் குழுவின் எழுத்தர்.
பேசுவதைத் தட்டச்சு செய்வது என் வேலை,
நினைப்பதை அல்ல.

மசோதா ஒன்றரைப் பக்கம்.
பரோலில் மூன்றாண்டு ஒழுங்காகக் கழித்தவரின் கண்காணிப்பை
வாரியம் 'முடித்துவைக்கலாம்' என்றிருப்பதில்
கடைசி இரண்டு எழுத்தை அடித்துவிட்டு
'முடித்துவைக்க வேண்டும்' என்றாக்கக் கேட்கிறது.
அவ்வளவுதான்.

தலைக்கு மூன்று நிமிடம்.
ஷெரீஃப் சங்கம் வந்தது. பாதிரியார் ஒருவர் வந்தார்.
தம்பியைச் சுட்டவன் இரண்டு தெரு தள்ளி
ரொட்டி வாங்குவதைத் தினமும் பார்க்கிறேன் என்றார்
அர்டித் நெல்ஸ்டெட், எதிர்ப்பாக.
அந்தக் குரலில் பொய் இல்லை.

ஏழாவதாக வெர்னா ஸ்டால்.
மைல்ஸ் சிட்டியிலிருந்து பனியில் ஆறு மணி நேரம்.
கவுண்டி எல்லை தாண்ட அதிகாரி கையெழுத்திட்ட தாளை
நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"செக் மோசடி. நாலாயிரத்து இருநூறு டாலர்.
கட்டி முடிச்சு ஆறு வருஷமாச்சு.
ஒரு தடவை கையெழுத்துப் போட லேட்டாப் போனேன்,
அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம்.
மகளுக்கு ஸ்போகேன்ல பிரசவம்.
எனக்கு அனுமதி வந்தப்போ
குழந்தை உட்கார ஆரம்பிச்சிடுச்சு..."

அப்போதுதான் பீப்.
மேசைக்கடியில் எங்கோ. மறுபடியும் பீப்.
"அம்மா, செல்போனை அணைத்துவிடுங்கள்,"
தலைவர் கனிவாகத்தான் சொன்னார்.

"இதை அணைச்சா என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க, செனட்டர்."
பேன்ட்டின் காலைச் சற்றே தூக்கினார்.
"சார்ஜ் தீர்ந்துபோச்சு. மன்னிக்கணும்."

சுவரில் ஒரே ஒரு பிளக்.
அதில் என் கணினி.
பிடுங்கிக் கொடுத்தேன்.
மீதி ஒரு நிமிடம் நாற்பது விநாடி
கணுக்கால் சுவரோடு கட்டியிருக்க
நின்றபடி பேசினார்.

குறிப்பேட்டில் பீப்புக்கு இடமில்லை.
'சாட்சி ஆதரவாகப் பேசினார்.'

வியாழனன்று திருத்தம் வந்தது.
ஏழுக்கு ஐந்து.
'வேண்டும்' போய் 'லாம்' திரும்பியது.
அடித்ததும் என் விரல்தான், சேர்த்ததும் என் விரல்தான்.
பழையபடியே ஆகிவிட்ட மசோதாவை
அனைவரும் ஒருமனதாக ஆதரித்தார்கள்.

அன்றைக்கு வெர்னா சார்ஜர் வயரை மறந்துவிட்டார்.
எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.
கார் நின்ற இடத்தில்
பனி விழாத ஒரு செவ்வகம்,
அதன் மேல் மெல்ல விழத் தொடங்கியிருந்த பனி.

வயர் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
சாட்சிப் படிவத்தில் முகவரி இருக்கிறது.
நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்,
அனுப்பலாம்.