எரிந்த ரப்பர்

ரீகாவில், தௌகவா ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
மூன்றாம் மாடியில் சன்னலில்லாத ஓர் அறை.
கையுறைக்கும் வாசனை இருக்கக்கூடாது என்று பருத்தி.
கண்கட்டும் பருத்திதான்.
வெல்கா மூன்று பேனாக்களை ஒவ்வொன்றாக நீட்டுகிறாள்.
இரண்டில் ஒன்றுமில்லை. ஒன்றில் இருக்கிறது.
எது?

அய்வார்ஸ் யோசிப்பதுபோல் இருக்கிறார்.
யோசிக்க அங்கே என்ன இருக்கிறது.
“இரண்டாவது” என்கிறார்
லாட்டரிச் சீட்டு கிழிப்பவர் குரலில்.

பத்தொன்பது ஆண்டு எரிவாயுக் கசிவு தேடியவர்.
நிலவறையின் மூன்றாம் படியிலேயே
“எல்லாரும் மேலே போங்கள்” என்று சொன்ன மூக்கு.
கருவி அதற்கப்புறம்தான் கூவும்.
நான்கு நாள் காய்ச்சல்.
இப்போது அலுவலகத்தில் ரசீதுகளுக்கு முத்திரை குத்துகிறார்.
பால் கெட்டதா என்று
எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.
பையன் தடவைக்கு ஒரு மிட்டாய் வாங்கிக்கொள்கிறான்.

வெல்காவிடம் அவருடைய துணுக்கு ஒன்று இருக்கிறது,
அரிசியில் பாதி, மூக்கின் கூரையில் கிள்ளியது.
நுண்ணோக்கியின் கீழே கிருமி இல்லை.
போய் இரண்டாண்டாகிறது.
படைதான் இன்னும் கலையவில்லை:
எதிரி போன ஊரில் காவல் நின்று
வீட்டுக்காரர்களையே விசாரிக்கும் செல்கள்.
அவள் எண்ணுகிறாள், சதுரம் சதுரமாக.
எண்ணத்தான் சம்பளம்.

காலையும் மாலையும் நான்கு குப்பிகள்:
ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ்.
பழைய மணத்தை நினைத்துக்கொண்டே முகர வேண்டும்.
“சாமி இல்லை என்பவனைக் கும்பிடச் சொல்கிறாய்”
என்றார் ஒருமுறை.

மார்ச்சில் ஒரு செவ்வாய். மழை.
நேரத்துக்கு முன்பே வந்தவர் கோட்டைக் கழற்றவில்லை.
“காப்பி எரிந்த ரப்பர்.
கறுப்பு ரொட்டியும் அதுவே.
எலிட்டா குளித்துவிட்டு வந்தாள்,
நான் தலையணையோடு கூடத்துக்குப் போய்விட்டேன்.
என்ன நினைத்திருப்பாள்.”

வெல்காவின் முகத்தில் மகிழ்ச்சி தப்பிவிட்டது,
மறைக்க நேரமில்லை.
ஏதோ ஒரு நரம்பு மறுபடி முளைத்து
தவறான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.
தட்டியிருக்கிறது!
தேறுவார் என்று அதற்குப் பொருளில்லை.

நாற்றம் என்ற சொல்லுக்கும் இதுதான் நேர்ந்தது.
பூவோடு இருந்த சொல்
எந்த நூற்றாண்டிலோ சாக்கடைக்குக் குடிபோயிற்று.
யாரும் அழுததாகத் தெரியவில்லை.

அய்வார்ஸ் அழுதார், கொஞ்சம்.
“ஒன்றுமில்லாமல் இருந்தபோது
சுத்தமாகவாவது இருந்தது” என்றார்.

படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
‘பிற’ என்பதன் எதிரே எழுதினாள்: எரிந்த ரப்பர்.
அடிக்கோடிட்டாள்.
அடிக்கோட்டுக்காக வெட்கப்பட்டு
கையுறையை மாட்டிக்கொண்டாள்.
“கோட்டைக் கழற்றுங்கள்,
ஈரம் சொட்டுகிறது.”