பதினான்காம் விதி

யாப்லொனெட்ஸில் பனி உருகத் தொடங்கிய வாரம்
ஆள்நுழை குழியின் மூடியைக் கொக்கியால் நெம்பித் திறந்தேன்.
ஆவி வந்தது. நல்ல வாடைதான்:
சவர்க்காரம், முட்டைக்கோஸ், ஊரார் குளித்த வெந்நீர்.
பயப்பட வேண்டிய நாளில்
கசப்புப் பாதாம் மணக்கும் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
மணந்த பிறகு ஓட நேரமிருக்குமா என்பதைச்
சொல்லாமல் விட்டார்கள்.

மேலே யிர்சாக்கின் பட்டறை.
பித்தளைப் பொத்தானுக்கு நிக்கல் பூசுகிற பதினோரு பேர்.
கீழே ஊருக்கெல்லாம் பொதுவான சாக்கடை.
நடுவில் நான்,
ஒரு கயிறு, ஒரு குப்பி,
நாற்பத்தொரு பக்க நகராட்சி விதிநூல்.

லிட்டருக்கு அரை மில்லிகிராம் நிக்கல், மேலே ஆகாது.
நாற்பது பாகைக்கு மேல் சூடு ஆகாது.
அமிலம் ஆகாது, காரம் ஆகாது,
குழாயை அடைக்கும் கொழுப்பு ஆகாது,
தீப்பிடிப்பது எதுவும் ஆகாது.
யாரோ நோயாளிக்கு எழுதிய பத்தியச் சீட்டு போலிருக்கும்.
உண்மையில் அப்படித்தான்.
குழாயின் மறுமுனையில், பெரிய தொட்டிகளில்
கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள்
எங்கள் கழிவைத் தின்று பிழைக்கின்றன.
சம்பளமில்லை, ஞாயிறில்லை.
நிக்கல் கூடினால் ஒரே இரவில் சாகும்.
பிறகு நீஸா ஆற்றில்
மீன் மல்லாந்து மிதக்கும்.

ஆறு வாரம், ஆறு குப்பி.
ஆறும் தெளிவு.
"பார்த்தாயா" என்று யிர்சாக் காப்பி கொடுத்தார்.
என் மேலங்கியில் ஒரு பொத்தான் அறுந்திருப்பதைக் கண்டு
பிளாஷெனா புதுசு எடுத்துத் தைத்தே கொடுத்தாள்.
"காசு வேண்டாம், கழித்துப்போட்ட ரகம்."

கண்டுபிடித்தது நானல்ல.
சாக்கடையை எட்டிக்கூடப் பார்க்காத லிபுஷெ,
குடிநீர்க் கட்டணப் பிரிவு, மூன்றாம் மாடி.
'பொத்தான் கூடவில்லை, ஆள் கூடவில்லை,
தண்ணீர் மட்டும் ஏன் மூன்று மடங்கு?'
மஞ்சள் துண்டுத் தாளில் எழுதி
என் மேசையில் ஒட்டியிருந்தாள்.

பாலையும் நீரையும் அன்னம் பிரிக்கும் என்பார்கள்.
எங்கள் அணைக்கட்டிலும் அன்னங்கள் உண்டு;
அவை பிரித்தறிவது
ரொட்டி வைத்திருப்பவனையும் இல்லாதவனையும்தான்.
மற்றதற்கெல்லாம் லிபுஷெயின் மீட்டர்.

ஏழாம் வாரம் சொல்லாமல் போனேன்.
கடைசித் தொட்டியில், சாக்கடையில் விழுவதற்குச் சற்று முன்,
தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற பச்சைக் குழாய் ஒன்று,
நழுவாமலிருக்க மேலே ஒரு செங்கல்.
குடிக்கிற தண்ணீர்.
இரவும் பகலும் கொட்டியபடி.

யிர்சாக் மறைக்கவில்லை.
"நீங்கள் கேட்டது எண். எண் கொடுத்தேன்.
சுத்திகரிப்பு எந்திரம் என்ன விலை தெரியுமா?
இந்தப் பதினோரு பேரை நீ கூட்டிப்போய்
வைத்துக்கொள்."

பதினான்காம் விதியை வாசித்தேன்:
நீர் கலந்து குறைப்பது சுத்திகரிப்பு ஆகாது.
ஒரே வரி.
பத்துப் பேரிடம் பிரித்து வாங்கினால்
கடன் குறைந்துவிடுமா என்றும் கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
பிளாஷெனா எண்ணுவதை நிறுத்தவில்லை:
நூற்று நாற்பத்து மூன்று, நூற்று நாற்பத்து நான்கு,
பெட்டியை மூடினாள்.

குழாயை நான்தான் அடைத்தேன்.
தண்ணீர்ச் சத்தம் நின்றதும்
அதுவரை கேட்காத ஒன்று கேட்டது,
பூச்சுத் தொட்டி மெல்லக் கொதிப்பது.

அலுவலகத்தில் தலைவர் கேட்டார்:
அபராதம் இருக்கட்டும்,
அந்தப் பழைய ஆறு அறிக்கை?
இழுப்பறையிலிருந்து எடுத்தேன்.
நிறம் இல்லை. வாடை இல்லை. நிலை, தெளிவு.
ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து,
அவசரமில்லாமல், அழகாகப் போட்டது.

சிவப்புப் பேனா தேடி
மேலங்கிப் பைக்குள் கையை விட்டபோது
மேசை விளிம்பில் பொத்தான் இடித்து
கிணுங்கென்றது.