தொண்ணூற்றைந்து சைபர் மூன்று

வங்கிப் படிவத்தில் ஒரு கட்டம்:
‘நிறுவனத்தின் வரலாறு, ஐந்து வரிகளுக்கு மிகாமல்.’
எங்கள் சரக்கு வேகன் இரண்டை
அதன்மேல் நிறுத்திப் பார்த்தேன்.
பொருந்துகிறது. வரலாறுதான் பொருந்தவில்லை.

1974. புளியரை.
அத்தா மைதீன் பிச்சை, லேத்துக்காரர்.
ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலருக்குப் பல் வெட்டுகிறவர்.
தென்மலைக்கு மேலேயிருந்து எஸ்டேட் மேனேஜர் கோஷி
உடைந்த கியரோடு மகனையும் இழுத்து வந்தார்.
வேலை முடியும்வரை பையன் அழுதான்.
அவன் வாயை அடைக்கப்
பித்தளைத் துண்டில் ஓர் இன்ஜின்.
ஓடாது. புகைபோக்கி மட்டும் சுற்றும்.
நாற்பது ரூபாய்.
பில்லில் அத்தா எழுதினார்: ‘பொம்மை – 1.’

அந்தச் சொல்தான் எல்லாம்.

அண்ணன் நாகூர் மீரான் இன்ச் டேப்போடு தண்டவாளத்தில் நடந்தவன்.
பதிமூன்று கண் பாலத்தைக்
கண்ணுக்கு இரண்டு தடவை அளந்தவன்.
மீட்டர்கேஜை எண்பத்தேழால் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர்,
அரை மில்லிமீட்டரைச் சேர்த்துக்கொண்டதற்கு
இன்றுவரை வருந்துகிறவன்.
தம்பி திவான் ஒலி
குற்றாலம் சீசனுக்கு நானூறு ரயில் இறக்குவான், அத்தனையும் சிவப்பு.
“இந்த லைன்ல சிவப்பு இன்ஜின் ஏதுடா?”
“சாரல்ல நிக்கிற பிள்ளைக்குச் சிவப்புதான் தெரியும்.”

ஆரியங்காவு செக்போஸ்ட்டில் பார்சலைப் பிரித்து
“இது களிப்பாட்டமாணோ, மெஷினாணோ?”
“மாடல் சார்,” என்றான் அண்ணன்.
அப்படி ஒரு காலம் அவர்கள் ரிஜிஸ்தரில் இல்லை.
மூன்று நாள் மழையில் அட்டைப்பெட்டிகள் ஊறி
இட்லி மாதிரி உப்பின.
பொம்மை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்
அன்றே கொல்லம் போயிருக்கும்.

பிறகு கோயம்புத்தூர் பல் டாக்டரின் கடிதம்:
‘டெண்டரின் இடப்பக்கம் ஒரு ரிவெட் குறைகிறது.’
விற்ற பதினோரு இன்ஜினையும் அண்ணன் திரும்ப வரவழைத்தான்.
தம்பி சிரித்துவிட்டான்.

சிரித்தது 1996.
ஷெட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் எழுந்ததும் 1996.
கம்ப்ரஸர் ஒன்றுதான் என்பதால்
தட்டியில் ஓட்டை போட்டு ஹோஸை நுழைத்தோம்.
திங்கள் புதன் வெள்ளி அந்தப் பக்கம் காற்று.
இரண்டு பக்கத்துக்கும் பில் எழுதியவள் நான்.
காலையில் மாடல், மதியத்துக்கு மேல் பொம்மை.
ஒரே பேனா. ஒரே திருகாணி.

2010இல் பாதையைப் பெயர்த்தார்கள்.
எட்டு வருஷம் மலையில் ரயில் இல்லை.
கடையை மூடுங்கள் என்றது ஊர்.
அந்த எட்டு வருஷம்தான் எங்களுக்குச் செம வியாபாரம்.
டிக்கெட் எடுத்து ஏறாதவர்களெல்லாம்
பெட்டி பெட்டியாக வாங்கினார்கள்.
இதைப் பற்றி அண்ணனிடம் பேச முடியாது.

2017 ஜூலையில், தென்காசியிலிருந்து
ஆடிட்டர் கோமதிநாயகம் வரிப் புத்தகம் கொண்டுவந்தார்.
விரலை வைத்துக் காட்டினார்: 9503.
பொம்மை அதில்தான்.
அளவு சுருக்கிய மாடலும் அதில்தான்.
நடுவே ஓர் அரைப்புள்ளி.
தட்டிக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து குனிந்து பார்த்தார்கள்.
“அப்போ இருபத்தோரு வருஷம்?” என்றான் தம்பி.
“அரைப்புள்ளி இருக்குல்ல,” என்றான் அண்ணன்.
தட்டி இன்னும் நிற்கிறது.

இப்போது அகலப்பாதை. பத்தொன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
டை எல்லாம் புதிதாக வெட்ட வேண்டும், பதினெட்டு லட்சம்.
மனு என் பெயரில்.
ஜாமீன்தாரர்கள் இருவரும்
அடுத்தடுத்த கோட்டில் கையெழுத்துப் போட்டார்கள்,
அண்ணன் ஸ்கேல் வைத்து.

கட்டத்தில் எழுதினேன்:
‘1974 முதல் ரயில் செய்கிறோம்.’
மிச்சம் நான்கு வரி.
மேனேஜர் முத்திரை குத்திக்கொள்ளட்டும்.