சிவப்புக் கோடு

காலை ஆறேகாலுக்கே ஓஜோட்டா சிவந்துவிட்டது.
கைப்பேசி வரைபடத்தைச் சொல்கிறேன்.
கிழக்கு வானத்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

கார்க்காரர்கள் சிவப்பைக் கண்டதும்
மாற்றுவழி தேடுகிறார்கள்.
நான் செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு
சிவப்பைத் தேடிப் போகிறேன்.
அதே செயலிதான்.
அவர்களுக்குத் தலைவலி,
எனக்குச் சந்தை நிலவரம்.

தலைத் தட்டில் வாழைக்காய் வறுவல், நாற்பது பொட்டலம்.
தோளில் மாலைமாலையாய் சார்ஜர் வயர்.
லாகோஸில்
வயிறும் பேட்டரியும்
ஒரே பாலத்தில்தான் காலியாகின்றன.

"ஆபீஸ் வேலை பார், எபியேரே" என்கிறாள் தங்கை.
ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள்
தினமும் மூன்று மணிநேரம்
என் கடையில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்!
டை கட்டிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு,
முன்னால் நிற்கும் லாரியின் பின்புறத்தை
மனப்பாடம் செய்துகொண்டு.

நெரிசலைப் பற்றிக் கருத்தில்லாத ஆளை
நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.
மஞ்சள் வேனில் தொங்கியபடி நடத்துநர் கசாலி:
"பாலத்தை அகலமாக்கணும்."
கண்ணாடியை நாலு விரற்கடை மட்டும் இறக்கி
ஏசிக் குளிரைப் பத்திரமாகக் காக்கும் வங்கி அம்மா:
"ஜனங்களுக்கு ஒழுங்கு போதாது."
சொன்ன கையாலேயே
நேற்றைய பொட்டலத்தை வெளியே எறிவார்.

என்னை யாரும் கேட்டதில்லை.
கேட்டால் கணக்காகச் சொல்வேன்:
மணிக்கு ஆறு கிலோமீட்டர்.
அதைத் தாண்டினால் எனக்கு மூச்சு வாங்கும்.
அதற்கும் குறைந்தால் அவர்களுக்குக் கோபம் வரும்.
கோபத்தில் இருப்பவன்
வறுவலை எண்ணிப் பார்ப்பான்.

இன்று ஒருவர் சார்ஜர் கேட்டார்.
சாம்பல் நிறக் கார், பின்கண்ணாடியில் விரிசல்.
ஆயிரத்து எண்ணூறு நைரா என்றேன்.
"கையில் காசில்லை, ஃபோனில் அனுப்புகிறேன்."
சரி, அனுப்புங்கள்.
"ஃபோனில் சார்ஜ் இல்லையே."

சார்ஜருக்குப் பணம் தர
சார்ஜர் வேண்டும்.
என்ன செய்வது,
வயரைப் பிரித்து நானே செருகினேன்.
அந்த நேரம் பார்த்து
சாலைக்குக் கருணை பிறந்தது.

வண்டி நகர்கிறது, நான் நடக்கிறேன்.
வண்டி ஓடுகிறது, நான் ஓடுகிறேன்.
தலையில் தட்டு ஆடவில்லை, அது வேறு கலை.
"ஒரு சதவீதம்!" என்று கத்துகிறார்.
"இரண்டு!"
ஏதோ பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்போல.
திரை விழித்தது.
கணக்கு எண்ணை ஓட்டத்திலேயே ஒப்பித்தேன்,
கடைசி நான்கு இலக்கத்தை
ஒரு பேருந்தின் ஹாரன் விழுங்கிவிட்டது.

அப்புறம் சாலை பச்சை.
வரைபடத்தில் பச்சையென்றால் எனக்கு விடுமுறை;
யாரும் சம்பளம் தராத விடுமுறை.
பாலத்தின் ஓரத்தில் நின்று
குளத்தில் படகுக்காரர்கள் வலை வீசுவதைப் பார்த்தேன்.
அங்கே ஹாரன் இல்லை.
மீனும் அதிகம் இல்லைபோல.

இரவு எட்டரை. கசாலியின் வேன்.
நாலு பேர் இருக்கையில் ஆறாவது ஆளாக நான்.
பணம் வந்ததாகக் கைப்பேசி சிணுங்கியது:
ஆயிரத்து எண்ணூறு. அனுப்பியவர், ஒமோருயி.
இந்தத் தொழிலில் அப்படித்தான்.
முகத்தோடு ஓடுவோம்,
பெயர் பிறகு வந்து சேரும்.
அந்த நான்கு இலக்கம்
எப்படிக் காதில் விழுந்ததோ அவருக்கு.

வேன் நின்றுவிட்டது. முன்னால் எதுவும் அசையவில்லை.
ஒரு பையன் ஜன்னலைத் தட்டினான்,
தண்ணீர்ப் பொட்டலம் வேர்த்துச் சொட்டுகிறது.
விலையைக் கேட்டேன்.
"இருட்டினதும் ஏற்றிவிடுவாயா?" என்று சீறினேன்.

பிறகு,
கால் வீங்கிய எரிச்சலில்,
பக்கத்தில் இருந்தவரிடம் நானே சொன்னேன்:
"இந்தப் பாலத்தை அகலமாக்கணும்."