மாக்வாலாவின் 'தி'

எங்கள் மொழியில் அந்தச் சொல் இல்லை.
குட்டாயிசியில் யாரும் அதைத் தேடியதும் இல்லை,
மாக்வாலா ஆங்கிலத் துறைக்கு வரும்வரை.

இருபத்தாறு ஆண்டு, அதே ஒழுகும் அறை.
'தி' விடுபட்ட இடமெல்லாம்
சிவப்பு மையில் சின்னக் கூரை போடுவாள்.
அரை மதிப்பெண் போச்சு.

நான் ஜெர்மன் நடத்துகிறவன், பக்கத்து மேசை.
'என்னிடம் அதுபோல மூன்று இருக்கிறது' என்று சீண்டினால்
'உன்னுடையது மொழியா, மளிகைக் கடையா' என்பாள்.

ரீகாவில் முகம் பார்க்காத ஒருவரோடு
அஞ்சலட்டையில் சதுரங்கம் ஆடினாள்.
ஒரு குதிரை நகர மூன்று வாரம்.
நாடு உடைந்தது, தபால் நின்றது.
அவளுடைய ராணி
இன்னும் ஆபத்தில் இருக்கிறாள்.

பேருந்துச் சீட்டின் ஆறு இலக்கத்தில்
முதல் மூன்றின் கூட்டும் பின் மூன்றின் கூட்டும்
ஒத்துவந்தால் அதிர்ஷ்டம், தின்றுவிட வேண்டும்.
சில காலைகளில்
காகிதத்தை மென்றபடியே வகுப்புக்குள் நுழைவாள்.

தொண்ணூற்று மூன்றின் குளிர்காலம்.
மின்சாரம் நாளுக்கு ஒரு மணி நேரம், அதுவும் நிச்சயமில்லை.
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி
கையுறை கழற்றாத மாணவர்கள்.
'ஏ' எங்கே, 'தி' எங்கே
என்று தொண்டை வறள விளக்கிக்கொண்டிருந்தாள்.
திடீரென்று தெரு முழுக்க, மாடி மாடியாக,
கத்தினார்கள்:
வெளிச்சம் வந்துவிட்டது!

சாக்கட்டியை உயர்த்தினாள்.
'எந்த வெளிச்சம் என்று யாராவது கேட்டீர்களா?
அதுதான் தி.'

அதைவிடத் தெளிவான இலக்கணத்தை
நான் எங்கும் படித்ததில்லை.
அவளிடம் சொன்னதும் இல்லை.

ஐம்பத்து நான்காம் வயதில் விசா கிடைத்தது.
லண்டன் அல்ல, ஹல்.
பதினெட்டு நாள் ஆசிரியர் பயிற்சி.

ரொட்டிக் கடைப் பெண்ணின் வாக்கியத்தில் 'தி' இல்லை.
ஓட்டுநரிடம் இல்லை.
தங்கியிருந்த வீட்டுக்காரர் பப்புக்குக் கிளம்பினார்,
பப்புக்கு முன்னால் ஒரு வெற்றிடம்
கதவு திறந்த மாதிரி கிடந்தது.

'என் காதுதான் மந்தம் என்று நினைத்தேன்,' என்றாள் திரும்பி வந்து.
'பிறகு எண்ணினேன். ஒரே நாளில் நாற்பத்தொன்று.
இருபதரை மதிப்பெண்
போச்சு அந்த ஊருக்கு.'
சிரித்தாளா என்று தெரியவில்லை,
கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பருவத் தேர்வில் பெசிக் என்ற பையன்
வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனதைப் பற்றி
ஒரு 'தி'கூட இல்லாமல் இரண்டு பக்கம் எழுதியிருந்தான்.
அவள் கூரை போடவில்லை.
அடியில் எழுதினாள்: 'ஹல்லில் இது சரி.'
மதிப்பெண்ணை மட்டும்
ஒழுங்காகக் கழித்திருந்தாள்.

அந்த மாதமே ஒரு சாயங்காலம்
ஆசிரியர் அறையில் விளக்கு போனது.
தீப்பெட்டியைத் தேடுவதற்குள் வந்தும்விட்டது.
விடைத்தாளிலிருந்து தலை நிமிராமல்
ஆங்கிலத்தில் சொன்னாள்:
'லைட் கேம்.'

நான் வாயைத் திறக்கவில்லை.
மூன்று வைத்திருக்கிறேனே,
ஒன்றைக் கடன் கொடுக்கலாமா
என்று மட்டும் யோசித்தேன்.